கடவுச்சொல்லை ஏன் என்னிடம் கேட்கிறது?

சென்ற கல்வியாண்டில் என் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் வகுப்பின் 38 பேருடைய மதிப்பெண்களைப் பட்டியலிட ஒரு நிரல் எழுதினாள். நிரல் முதலில் கடவுச்சொல் கேட்கும். சரியாக இருந்தால் வரிசை எண், மதிப்பெண், வரிசை எண், மதிப்பெண் என்று படித்துக்கொண்டே போகும். கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் எழுத்துத் தெரியாமல் இருக்க ‘கெட்பாஸ்’ என்ற செயற்கூறைப் பயன்படுத்தியிருந்தாள். முந்தைய வாரம் அதைச் சொல்லிக்கொடுத்தது நான்தான். பாடநூலில் உள்ளது சி++ என்றாலும் சி நூலகச் செயற்கூறுகளை அதிலிருந்தே அழைக்கலாம் என்று காட்டுவதற்காகச் சொன்னேன்.

ஒவ்வொரு முறை சோதிக்கும்போதும் 38 பேரின் விவரத்தைத் தட்டச்சு செய்ய முடியாது. ஆகவே எல்லாவற்றையும் ஒரு கோப்பில் எழுதி, ‘<’ குறியால் அந்தக் கோப்பை நிரலுக்கு உள்ளீடாகத் திருப்பிவிட்டாள். இதுவும் நான் சொல்லித் தந்ததே. கோப்பின் முதல் வரியில் கடவுச்சொல்லான 2468. அதன்பின் மதிப்பெண்கள். தர்க்கப்படி எல்லாம் சரி.

இயக்கினாள். நிரல் கோப்பைப் பார்க்காமல் திரையில் கடவுச்சொல் கேட்டு நின்றது. அவள் விசைப்பலகையில் 2468 என்று தட்டியதும் பட்டியல் வந்தது. பட்டியலில் முதல் மாணவரின் வரிசை எண் 2468, மதிப்பெண் 1. அடுத்தவரின் வரிசை எண் 78, மதிப்பெண் 2. எல்லாம் ஒரு இடம் நகர்ந்துவிட்டிருந்தன.

“சார், நான் எல்லாத்தையும் கோப்புலதானே கொடுத்தேன்? கடவுச்சொல்லை மட்டும் ஏன் சார் என்கிட்ட கேட்குது?”

நான் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, “கோப்புல முதல் வரியில ஏதோ தப்பு இருக்கும்மா, சரியா பாரு” என்றேன். வகுப்பு முழுவதும் கேட்கும்படிதான் சொன்னேன். அந்தப் பாடவேளை முடிவதற்குள் அவள் அந்தக் கோப்பை மூன்று முறை புதிதாக எழுதினாள். மூன்று முறையும் அதே விளைவு. நான்காவது முறை என்னிடம் கேட்கவில்லை.

அன்று மாலை வீட்டில் நானே அதே நிரலை எழுதி இயக்கிப் பார்த்தேன். அவளுடைய கோப்பில் தவறே இல்லை. தவறு என் பதிலில் இருந்தது. அதற்கும் முன்பே, நான் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

ஆறாம் வகுப்பு அறிவியலிலேயே உள்ளீட்டகம், மையச் செயலகம், வெளியீட்டகம் என்று கற்பிக்கிறோம். விசைப்பலகை வழியாக உள்ளே போகிறது, திரை வழியாக வெளியே வருகிறது. மேல்நிலை வகுப்பில் நிரலாக்கம் வந்ததும் இதையே நீட்டி, “உள்ளீடு என்றால் விசைப்பலகை, வெளியீடு என்றால் திரை” என்று சொல்லிவிடுகிறோம். லினக்ஸில் ஒரு நிரல் இயங்கத் தொடங்கும்போது அதற்கு மூன்று வழிகள் திறந்திருக்கும். 0 என்ற எண்ணுள்ளது உள்ளீட்டு வழி, 1 வெளியீட்டு வழி, 2 பிழைச் செய்திக்கான வழி. சாதாரணமாக மூன்றும் நாம் தட்டச்சு செய்யும் முனையத்தில்தான் இணைந்திருக்கும். ஆனால் எந்த வழியையும் கோப்புக்குத் திருப்பலாம். இதுவரை எனக்கும் தெரியும்.

எனக்குத் தெரியாமல் இருந்தது வேறொன்று. இயங்கும் நிரலுக்கு, அதாவது செயல்முறைக்கு, இந்த மூன்று வழிகளோடு தொடர்பில்லாமல் தனியாக ஒரு முனையம் உரியதாக இருக்கும். அதைக் கட்டுப்பாட்டு முனையம் என்பார்கள். மூன்று வழிகளையும் கோப்புகளுக்குத் திருப்பிவிட்டாலும் அந்த உரிமை மாறாது. ‘கெட்பாஸ்’ தேடிப்போவது அந்த முனையத்தைத்தான். 0-ஆம் வழியில் என்ன காத்திருக்கிறது என்று அது பார்ப்பதே இல்லை.

மறுநாள் வகுப்பில் முதல் வேலையாக, “நேற்று நான் சொன்னது தவறு, அவளுடைய கோப்பு சரியாகத்தான் இருந்தது” என்றேன். பிறகு கணினியைத் தொடாமல் வருகைப் பதிவேட்டை எடுத்துக் காட்டினேன்.

“இந்தப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்கள் இந்த வகுப்பு மாணவர்கள். இப்போது ஒருவன் நூலகத்தில் இருக்கிறான், ஒருத்தி விளையாட்டுத் திடலில் இருக்கிறாள். அவர்கள் எந்த வகுப்பு?” இதே வகுப்புதான் என்றார்கள். “பக்கத்து வகுப்பு மாணவன் ஒருவன் இங்கே வந்து பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்கிறான். அவன்?” பக்கத்து வகுப்பு.

எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது 0, 1, 2 வழிகள். எந்தப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது என்பது கட்டுப்பாட்டு முனையம். முனையச் சாளரம் ஒன்றைத் திறந்ததும் ஓர் ‘அமர்வு’ தொடங்குகிறது. அதுதான் பதிவேடு. சாளரத்தில் ஓடும் ஷெல் அந்த அமர்வின் தலைவர். ஷெல் தொடங்கும் ஒவ்வொரு நிரலும் அதே அமர்வையும் அதே கட்டுப்பாட்டு முனையத்தையும் பெற்றோரிடமிருந்து பெறுவதுபோல் பெறுகிறது. ஓர் அமர்வுக்கு ஒரு கட்டுப்பாட்டு முனையத்துக்கு மேல் இருக்க முடியாது. ஒரு முனையம் இரண்டு அமர்வுகளைக் கட்டுப்படுத்தவும் முடியாது.

இதன்பிறகு நாங்கள் ஒரு சிறிய நிரல் எழுதினோம். ஒரு பாடவேளையில் முடிகிற வேலைதான். நிரலின் முதல் பகுதி 0, 1, 2 ஆகிய மூன்று வழிகளையும் ‘ஐஸ் ஏ டிடிஒய்’ என்ற செயற்கூறிடம் கொடுத்து, இது முனையமா என்று கேட்கும். ஆம் என்றால் 1, இல்லையென்றால் 0 கிடைக்கும். முனையம் என்றால் ‘டிடிஒய்நேம்’ அதன் பெயரைத் தரும். இரண்டாம் பகுதி ‘/டெவ்/டிடிஒய்’ என்ற கோப்பை ‘ஓப்பன்’ செயற்கூறால் படிக்கவும் எழுதவும் திறக்கும். இந்தக் கோப்பு விசேஷமானது. எந்தச் செயல்முறை திறக்கிறதோ, அதன் கட்டுப்பாட்டு முனையம் திறக்கும். அப்படி ஒன்று இல்லையென்றால் திறப்பது தோற்று, ‘அப்படிப்பட்ட சாதனமோ முகவரியோ இல்லை’ என்ற பொருளில் பிழைச் செய்தி வரும். (ஆணைகளையும் பெயர்களையும் இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் வழக்கம்போல் ஆங்கில எழுத்துகளில்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.)

‘டிடிஒய்’ என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று ஒருவன் கேட்டான். டெலிடைப் என்பதன் சுருக்கம். 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸைத் தொடங்கியபோது திரைக்குப் பதிலாக அவர்கள் முன் இருந்தது டெலிடைப் எந்திரம். 1963-இல் வந்த டெலிடைப் மாடல் 33 விநாடிக்கு 10 எழுத்துகளைக் காகிதத்தில் அடிக்கும். எந்திரம் போய்விட்டது, பெயர் மட்டும் ஒவ்வொரு லினக்ஸ் கணினியிலும் இருக்கிறது. காகிதத்தில் கடவுச்சொல் அச்சாகிவிட்டால் அழிக்க முடியாதே என்று அவனே சொன்னான். நான் அதை யோசித்ததில்லை.

முதல் சோதனையில் எதையும் திருப்பாமல் நிரலை அப்படியே இயக்கினோம். மூன்று வழிகளும் முனையம் என்றன, பெயர் ‘/டெவ்/பிடிஎஸ்/0’. ‘/டெவ்/டிடிஒய்’யும் திறந்தது. இதில் சுவாரசியம் ஒன்றும் இல்லை.

அடுத்து மூன்று வழிகளையும் திருப்பினோம். உள்ளீட்டுக்கு ஒரு கோப்பு, வெளியீட்டுக்கு ஒன்று, பிழைச் செய்திக்கு ஒன்று. நிரல் இனித் திரையில் எதையும் காட்ட முடியாது என்று வகுப்பே சொன்னது. ‘ஐஸ் ஏ டிடிஒய்’ மூன்று வழிகளுக்கும் 0 என்றது, அந்த விடையும் கோப்புக்குள் போய்விட்டது. ஆனால் ‘/டெவ்/டிடிஒய்’ திறந்தது. அதில் “நான் இங்கேதான் இருக்கிறேன்” என்று எழுதச் சொல்லியிருந்தோம். அந்த வரி திரையில் வந்ததும் பின்வரிசையில் கைத்தட்டல். நூலகத்துக்குப் போனவன் பெயரைக் கூப்பிட்டதும் “உள்ளேன் ஐயா” என்று குரல் வந்தது போலத்தான்.

‘டிடிஒய்’ என்று ஒரு ஆணையும் உண்டு. முனையத்தின் பெயரைக் காட்டும் என்று பல நூல்களில் இருக்கும். அதையும் கோப்பிலிருந்து திருப்பி இயக்கினோம். இது முனையம் இல்லை என்றது. அந்த ஆணையும் 0-ஆம் வழியை மட்டுமே பார்க்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது சோதனை. இரண்டு முனையச் சாளரங்களைத் திறந்தோம். ஒன்று ‘/டெவ்/பிடிஎஸ்/0’, மற்றது ‘/டெவ்/பிடிஎஸ்/1’. முதல் சாளரத்தில் நிரலை இயக்கி, அதன் உள்ளீட்டை இரண்டாம் சாளரத்திலிருந்து வரும்படி திருப்பினோம். இப்போது 0-ஆம் வழி முனையமா என்றால், ஆம். பெயர் என்ன என்றால், ‘/டெவ்/பிடிஎஸ்/1’. விடை தயக்கமே இல்லாமல் வருகிறது. ஆனால் அது பக்கத்து வகுப்பின் பெயர். ‘/டெவ்/டிடிஒய்’யில் எழுதியது முதல் சாளரத்தில்தான் தோன்றியது. விடை கிடைக்கவில்லை என்றால் பிள்ளைகள் உடனே சந்தேகப்படுவார்கள். தவறான விடை இப்படி நம்பிக்கையோடு வந்தால் சந்தேகப்படச் சிறிது பழக்கம் வேண்டும். ‘டிசிகெட்எஸ்ஐடி’ என்ற செயற்கூறு இங்கே உதவும். ஒரு வழியை அதனிடம் கொடுத்தால், அது நம்முடைய கட்டுப்பாட்டு முனையமாக இருந்தால் மட்டும் அமர்வின் எண்ணைத் தரும். இல்லையென்றால் பிழை.

நான்காவது சோதனைக்கு மாற்றுச் சான்றிதழைத் துணைக்கு அழைத்தேன். ஒரு மாணவன் காலையில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிவிட்டான். பதிவேட்டில் பெயர் அடிக்கப்பட்டுவிட்டது, வேறு பள்ளியில் இன்னும் சேரவில்லை. ஆனால் நண்பர்களைப் பிரிய மனமில்லாமல் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். ‘செட்எஸ்ஐடி’ இதைத்தான் செய்கிறது. நிரலைப் புதிய அமர்வுக்குக் கொண்டுபோகிறது, அந்த அமர்வுக்குக் கட்டுப்பாட்டு முனையம் கிடையாது. 0, 1, 2 வழிகளை அது தொடுவதில்லை.

‘செட்எஸ்ஐடி’ ஆணையை முன்னால் சேர்த்து நிரலை இயக்கினோம். மூன்று வழிகளும் முனையம், பெயர் ‘/டெவ்/பிடிஎஸ்/0’. ‘/டெவ்/டிடிஒய்’ திறக்கவில்லை. இரண்டாம் சோதனைக்கு நேர் எதிர். இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். இந்த ஆணை நிரலைத் தனியே அனுப்பிவிட்டு உடனே திரும்பிவிடும். அதனால் ஷெல்லின் அடுத்த வரி முதலிலும் நிரலின் வெளியீடு அதன் பின்னும் வந்து திரை குழம்பும். பிழை என்று நினைத்து இரண்டு குழுக்கள் மீண்டும் மீண்டும் இயக்கிக்கொண்டிருந்தன.

அறுபது விநாடி சும்மா உறங்கும் நிரலை இதே முறையில் இயக்கி, கண்ட்ரோல்-சி அழுத்தச் சொன்னேன். ஒன்றும் ஆகவில்லை. கண்ட்ரோல்-சி என்பது கட்டுப்பாட்டு முனையம் தன் அமர்வில் முன்னணியில் ஓடும் நிரல்களுக்கு அனுப்பும் சமிக்ஞை. பதிவேட்டில் பெயர் இல்லாதவனை ஆசிரியர் எப்படிக் கூப்பிடுவார்? ‘பிஎஸ்’ ஆணையால் எல்லாச் செயல்முறைகளையும் பட்டியலிட்டால் ‘டிடிஒய்’ என்ற பத்தியில் இந்த நிரலுக்கு நேரே கேள்விக்குறி இருக்கும். கணினி தொடங்கும்போதே பின்னணியில் ஓடத் தொடங்கும் சேவைகளுக்கும் அதே கேள்விக்குறிதான்.

இதுவரை செய்தது முனையம் இருக்கிறதா என்பதற்கான விடை. அதன் உண்மையான பெயர் வேண்டுமென்றால்? ‘/டெவ்/டிடிஒய்’யைத் திறந்து, அந்த வழியையே ‘டிடிஒய்நேம்’மிடம் கொடுத்தால் போதாதா என்று நினைத்தேன். ‘/டெவ்/டிடிஒய்’ என்றே திருப்பிச் சொல்கிறது. “உன் பெயர் என்ன” என்றால் “என் பெயர்தான்” என்பதுபோல. ‘சிடெர்ம்ஐடி’ என்று ஒரு செயற்கூறு உண்டு, கையேட்டில் அதைப் பார்த்ததும் இதுதான் விடை என்று மகிழ்ந்தேன். லினக்ஸில் அதுவும் எப்போதும் அதே ‘/டெவ்/டிடிஒய்’யைத்தான் தரும். முனையமே இல்லாத நிரலுக்கும் தரும்.

லினக்ஸில் உள்ள வழி ‘/ப்ராக்/செல்ஃப்/ஸ்டாட்’ என்ற கோப்பு. அதைப் படிக்கும் நிரலின் விவரங்கள் ஒரே வரியில் இருக்கும். அதன் ஏழாவது விவரம் கட்டுப்பாட்டு முனையத்தின் எண். முனையம் இல்லையென்றால் 0. எங்கள் ஆய்வகக் கணினி ஒன்றில் 34819 என்று வந்தது. இதை 256-ஆல் வகுத்தால் ஈவு 136, மீதி 3. ‘பிடிஎஸ்’ முனையங்களுக்கான எண் 136, மீதி அவற்றுள் எத்தனையாவது என்பதைக் காட்டும். ஆக, ‘/டெவ்/பிடிஎஸ்/3’. வரைகலைச் சாளரம் இல்லாத கன்சோலில் இயக்கினால் 1025 போன்ற எண் வரும். ஈவு 4, மீதி 1, எனவே ‘/டெவ்/டிடிஒய்1’. ஈவு, மீதியை நான்காம் வகுப்புக் கணக்கு என்று அலட்சியமாக நினைக்கும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள், இங்கே அடித்துப்பிடித்துக்கொண்டு வகுத்தார்கள். சாளரங்களின் எண்ணிக்கை 256-ஐத் தாண்டாதவரை இந்த எளிய வகுத்தல் போதும். முறையாகச் செய்ய விரும்புவோர் ‘/டெவ்/பிடிஎஸ்’ கோப்புறையிலும் ‘/டெவ்’ கோப்புறையிலும் உள்ள ஒவ்வொரு கோப்பின் சாதன எண்ணையும் ‘ஸ்டாட்’ செயற்கூறால் எடுத்து, இந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்கலாம்.

அந்த வரியைப் படிப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. இரண்டாவது விவரம் நிரலின் பெயர், அடைப்புக்குறிக்குள் இருக்கும். பெயரில் இடைவெளி இருந்தால் இடைவெளிகளை எண்ணி ஏழாவதை எடுக்கும் நிரல் ஏமாந்துபோகும். பெயரிலேயே அடைப்புக்குறி வைக்கலாமா என்று ஒரு மாணவன் கேட்டு, உடனே வைத்தும் பார்த்தான். வைக்கலாம். ஆகவே வரியின் கடைசி மூடும் அடைப்புக்குறியைக் கண்டுபிடித்து, அதற்குப் பின் ஐந்தாவது விவரத்தை எடுப்பதே சரி. அடுத்தவர் நிரலை உடைக்கும் பெயரைச் சூட்டுவது என்று அரை மணி நேரம் ஒரு போட்டியே நடந்தது. பாடத்திட்டத்தில் இல்லாத அரை மணி நேரம்தான், ஆனாலும் உள்ளீட்டைச் சரிபார்ப்பது பற்றி நான் அதுவரை எடுத்த எந்தப் பாடத்தைவிடவும் அது நன்றாக ஏறியது.

பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பைத்தானின் ‘கெட்பாஸ்’ கூறும் யூனிக்ஸ் வகைக் கணினிகளில் முதலில் ‘/டெவ்/டிடிஒய்’யைத்தான் தேடும். ‘ஓஎஸ்’ கூறில் ‘ஐஸ் ஏ டிடிஒய்’, ‘டிடிஒய்நேம்’ இரண்டும் உள்ளன. சோதனைகளை அங்கேயும் செய்யலாம். விண்டோஸ் மட்டும் உள்ள கணினிகளில் இவை இதே வடிவில் நடக்காது.

இவ்வளவும் இரண்டு பாடவேளைகளில் முடிந்தது. இரண்டாவது பாடவேளை முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது அந்த மாணவி கையை உயர்த்தினாள்.

“சார், ‘கெட்பாஸ்’ அந்த முனையத்தைத் தேடுது, சரி. முனையமே இல்லேன்னா என்ன சார் பண்ணும்?”

எனக்குத் தெரியாது. இந்த முறை தெரியாது என்றே சொன்னேன். “நீயே பார்த்துச் சொல்லும்மா.”

அவள் முதல் நாள் எழுதிய அதே கோப்பை, 2468 என்ற முதல் வரியோடு, எதையும் மாற்றாமல் எடுத்தாள். ‘செட்எஸ்ஐடி’யை முன்னால் சேர்த்து நிரலை இயக்கினாள். திரையில் கடவுச்சொல் கேட்கும் வரி ஒரு கணம் வந்தது, ஆனால் நிரல் நிற்கவில்லை. ‘/டெவ்/டிடிஒய்’ திறக்காதபோது எங்கள் கணினியிலுள்ள ‘கெட்பாஸ்’ 0-ஆம் வழியிலிருந்து படிக்கிறது. முதல் வரி கடவுச்சொல்லாகப் போய்விட்டது. அதன்பின் வரிசை எண் 1, மதிப்பெண் 78 என்று தொடங்கி 38 பேரின் பட்டியலும் சரியாக வந்தது.